படம் பிடித்த பிறகு - 9: திரை சொல்லும் நிறம்

1987. அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் தாமஸ் நோல் என்ற மாணவர், முனைவர் பட்ட ஆய்வுக்காகக் கணினியில் படங்களைக் கையாளும் வழிகளைத் தேடிக்கொண்டிருந்தார். அவரிடம் இருந்தது ஒரு மேகின்டாஷ் பிளஸ். ஒன்பது அங்குலத் திரை, 512-க்கு 342 புள்ளிகள். ஒவ்வொரு புள்ளியும் ஒன்று கறுப்பாக இருக்கும், இல்லாவிட்டால் வெள்ளையாக இருக்கும். நடுவே எதுவும் கிடையாது. கறுப்பு வெள்ளைப் புகைப்படம் என்பதோ முழுக்கச் சாம்பல் சாயல்களால் ஆனது. கறுப்புப் புள்ளிகளையும் வெள்ளைப் புள்ளிகளையும் கலந்து தூவி, கண்ணுக்குச் சாம்பலாகத் தோன்றவைக்கும் நிரலை அவரே எழுதினார். ‘டிஸ்ப்ளே’ என்று பெயர் வைத்தார். சினிமாவின் தந்திரக் காட்சிகளுக்குப் பேர்போன இண்டஸ்ட்ரியல் லைட் அண்ட் மேஜிக் நிறுவனத்தில் வேலை பார்த்த தம்பி ஜான் நோலும் கைகோத்தார். நிரல் வளர்ந்தது. 1990 பிப்ரவரியில் அடோபி நிறுவனம் அதை வெளியிட்டபோது அதன் பெயர் ஃபோட்டோஷாப்.

படத் திருத்தத்துக்கே மறுபெயராகிவிட்ட அந்த மென்பொருள், ஒரு மானிட்டரால் காட்ட முடியாததைக் காட்டவைக்கும் முயற்சியில் பிறந்தது.

இன்று நிலைமை வேறு. சிவப்பு, பச்சை, நீலம் ஒவ்வொன்றிலும் 256 படிகள் என்று வைத்து, ஒரு கோடியே 67 லட்சத்துக்கும் அதிகமான நிறங்களைச் சாதாரண மானிட்டரே காட்டிவிடுகிறது. ஆனால், காட்டும் நிறம் சரியான நிறமா என்ற கேள்வி அப்படியே நிற்கிறது. சென்ற வாரம் பார்த்த ரா கோப்பில் இருப்பவை வெறும் எண்கள். அவற்றை நிறமாக்கிக் கொடுப்பது மானிட்டர். அது கொஞ்சம் நீலம் பாய்ந்து காட்டினால், எடிட்டர் தன்னையறியாமல் மஞ்சளை ஏற்றுவார். அவர் திரையில் எல்லாம் சரியாகிவிடும். ஏற்றிய மஞ்சள் மட்டும் கோப்பிலேயே தங்கி, ஆல்பத்துக்கும் வாடிக்கையாளரின் போனுக்கும் போய்ச் சேரும். கேமராவில் நேராத பிழை, திருத்தும் மேஜையில் நேர்ந்துவிடும்.

ஆல்பம் ஏன் இருட்டாக வருகிறது?

கல்யாண ஆல்பம் போடும் ஸ்டூடியோக்களில் அடிக்கடி கேட்கும் புகார் ஒன்று உண்டு. ‘சிஸ்டத்துல பளிச்சுனு இருந்துச்சு, பிரிண்ட் டல்லா வந்திருக்கே!’ உடனே பழி கலர் லேப் மீது விழும். பெரும்பாலும் தவறு லேபில் இருக்காது. மானிட்டரின் பிரைட்னஸில் இருக்கும்.

பெட்டியிலிருந்து எடுத்து மாட்டிய பல மானிட்டர்கள் சதுர மீட்டருக்கு 250 முதல் 350 கேண்டலா வரை ஒளியை உமிழ்கின்றன. வெளிச்சம் நிறைந்த கடையில் பத்து மானிட்டர்களுக்கு நடுவே வாங்குபவரின் கண்ணை இழுக்க அந்தப் பிரகாசம் தேவை. படத் திருத்தத்துக்குப் பரவலாகப் பரிந்துரைக்கப்படுவது 80 முதல் 120 கேண்டலா வரைதான். காகிதத்துக்குச் சொந்த ஒளி கிடையாது. தன்மேல் விழும் வெளிச்சத்தில் ஒரு பங்கைத் திருப்பி அனுப்புவதே அதன் வேலை. 300 கேண்டலாவில் படத்தைப் பார்ப்பவர், ‘இவ்வளவு வெளிச்சம் எதற்கு?’ என்று படத்தைக் கொஞ்சம் அடக்குவார். மாப்பிள்ளையின் கறுப்பு கோட்டும் மணமகளின் கூந்தலும் அந்தத் திரையில் விவரத்தோடு தெரியும். அச்சில் இரண்டும் கருந்திட்டாகிவிடும்.

இதைச் சரிசெய்யச் செலவே இல்லை. ஆல்பம் பார்க்கும் அளவு வெளிச்சத்தில் ஒரு வெள்ளைத் தாளைத் திரைக்கு அருகில் பிடித்து, திரையில் ஒரு வெற்றுப் பக்கத்தைத் திறந்து, இரண்டின் வெண்மையும் ஏறக்குறைய ஒத்துவரும்வரை பிரைட்னஸைக் குறைக்க வேண்டும். முதலில் திரை மங்கிவிட்டதாகத் தோன்றும். சற்று நேரத்தில் கண் பழகிவிடும்.

சதவிகிதங்களைப் படிக்கும் விதம்

மானிட்டர் விளம்பரங்களில் நிற எல்லையை, அதாவது திரையால் காட்ட முடிந்த நிறங்களின் பரப்பை, சதவிகிதத்தில் போடுவார்கள். எதன் சதவிகிதம் என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

எஸ்ஆர்ஜிபி என்பது எச்பியும் மைக்ரோசாஃப்ட்டும் 1996-ல் முன்வைத்த நிற எல்லை. அன்றைய குழாய் மானிட்டர்களால் காட்ட முடிந்ததை அடிப்படையாக வைத்து வகுத்தார்கள். 1999-ல் அது சர்வதேசத் தரமானது. இன்றும் இணையமும் பெரும்பாலான கலர் லேப்களும் எதிர்பார்ப்பது இதைத்தான். ஆகவே 100 சதவிகித எஸ்ஆர்ஜிபி என்பது படத் திருத்தத்துக்கு அடிப்படைத் தகுதி.

விலை குறைந்த லேப்டாப்களின் விவரப் பட்டியலில் ‘45 சதவிகிதம் என்டிஎஸ்சி’ என்று இருக்கும். என்டிஎஸ்சி என்பது 1953-ல் அமெரிக்க வண்ணத் தொலைக்காட்சிக்காக வகுத்த எல்லை, எஸ்ஆர்ஜிபியைவிடப் பெரியது. அதில் 72 சதவிகிதம் இருந்தால்தான் பரப்பளவில் எஸ்ஆர்ஜிபிக்குச் சமம். 45 என்றால், எஸ்ஆர்ஜிபியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு அந்தத் திரையில் இல்லை. குங்குமச் சிவப்பு செங்கல் நிறமாகத் தெரியும். எடிட்டர் சிவப்பை ஏற்றிக்கொண்டே போவார். நல்ல திரையில் பார்த்தால் அந்த நெற்றி எரியும்.

இன்னொரு கவனம்: ‘125 சதவிகித எஸ்ஆர்ஜிபி’ என்று போட்டிருந்தால் அது பரப்பளவுக் கணக்கு. ஒரு பக்கம் எல்லை தாண்டிப் போய், இன்னொரு பக்கம் குறைந்திருந்தாலும் அந்த எண் வரும். எஸ்ஆர்ஜிபியை எவ்வளவு உள்ளடக்குகிறது என்ற எண்ணே பயன்படும்.

அடுத்த படி அடோபி ஆர்ஜிபி. இது உருவான கதை விசித்திரமானது. 1998-ல் ஃபோட்டோஷாப் 5.0 தயாரானபோது, எஸ்எம்பிடிஇ 240எம் என்ற தொலைக்காட்சித் தரத்தின் நிற எல்லையையும் அதில் சேர்த்தார்கள். மென்பொருள் வெளியான பிறகுதான் தெரிந்தது: அந்தத் தரத்தின் உண்மையான எண்களுக்குப் பதிலாக, பின்னிணைப்பில் இருந்த லட்சிய எண்களை எடுத்திருந்தார்கள். போதாக்குறைக்கு, சிவப்புக்கான எண்ணைப் படியெடுத்ததிலும் பிழை. திருத்தலாம் என்றால் சரியான எண்கள் எஸ்ஆர்ஜிபிக்கு மிக நெருக்கமாக இருந்தன. புகைப்படக்காரர்களோ பிழையால் கிடைத்த அகன்ற எல்லையை விரும்பத் தொடங்கியிருந்தார்கள். கடைசியில் எண்களை அப்படியே விட்டுவிட்டுப் பெயரை மட்டும் மாற்றினார்கள். நல்ல கேமராக்களின் மெனுவில் இன்று எஸ்ஆர்ஜிபிக்குப் பக்கத்தில் இருக்கும் தேர்வு அதுதான்.

அடோபி ஆர்ஜிபி அதிகமாகத் தருவது பச்சையிலும், பச்சைக்கும் நீலத்துக்கும் இடைப்பட்ட பகுதியிலும். ஆஃப்செட் அச்சின் தூய சயான் மை எஸ்ஆர்ஜிபிக்குள் அடங்காது. அடோபி ஆர்ஜிபியில் அடங்கும். சிவகாசியில் அச்சாகும் காலண்டருக்கோ, பட்டுப்புடவைக் கேட்லாக்குக்கோ படம் தயாரிப்பவருக்கு இந்த வித்தியாசம் பெரிது. காஞ்சிபுரம் பட்டின் மயில் கழுத்து நிறமும் ஆழ்ந்த பச்சைகளும் விழக்கூடிய இடம் இதுதான். புடவைக்கடைக்கு நிறமே சரக்கு. படத்தைப் பார்த்து ஆர்டர் கொடுத்தவர், பெட்டியைப் பிரித்ததும் ‘இது வேற கலர்’ என்று திருப்பி அனுப்பினால் நஷ்டம் கடைக்காரருக்கு.

கல்யாண ஆல்பமும் இன்ஸ்டாகிராமும் மட்டுமே உலகம் என்பவருக்கு அகன்ற எல்லை கட்டாயமில்லை. சமயங்களில் தொல்லையும் தரும். நிற நிர்வாகம் இல்லாத, அதாவது மானிட்டரின் நிற எல்லையைக் கணக்கில் எடுக்காத மென்பொருளில் அகன்ற எல்லை மானிட்டர் முகங்களை வெயிலில் கன்றியதுபோல் சிவக்கவைக்கும். அப்படிப்பட்ட மானிட்டரை வாங்கினால், அதில் எஸ்ஆர்ஜிபிக்கென்று தனி மோட் இருக்கிறதா என்று பார்த்து வாங்க வேண்டும்.

பேனலும் அளவும்

பேனலில் அதிகம் யோசிக்க வேண்டியதில்லை: ஐபிஎஸ். பழைய டிஎன் பேனலில் தலையைச் சற்றே உயர்த்தினாலும் தாழ்த்தினாலும் முகத்தின் நிறம் மாறும். விஏ பேனலில் கறுப்பு ஆழமாக இருக்கும். ஆனால், பார்க்கும் கோணம் விலகினால் நிழல் பகுதியின் விவரம் கூடிக் குறையும். 1990-களின் நடுவில் ஹிடாச்சி நிறுவனம் சந்தைக்குக் கொண்டுவந்த ஐபிஎஸ், கோணத்தால் வரும் இந்தக் குறையைத்தான் தீர்த்தது. ஓஎல்இடி அழகாகக் காட்டும். நாள் முழுக்க ஒரே இடத்தில் நிற்கும் டூல்பார் தடம் பதித்துவிடும் ஆபத்து அதில் உண்டு.

24 அங்குலத்தில் ஃபுல் எச்டி என்றால் அங்குலத்துக்கு சுமார் 92 பிக்சல். 27 அங்குலத்தில் 2560-க்கு 1440 என்றால் 109. அதே 27 அங்குலத்தில் 4கே என்றால் 163. நடுவில் இருப்பது பலருக்குப் போதும். 27 அங்குலத்தில் ஃபுல் எச்டி மட்டும் வேண்டாம். பிக்சல்கள் பெருத்துவிடுவதால் படத்தின் கூர்மையைச் சரியாக எடைபோட முடியாது.

அளக்கும் கருவி

நிறத்தைக் கண்ணாலேயே சரிசெய்துவிடலாம் என்ற நம்பிக்கை பல காலமாக எடிட்டிங் செய்பவர்களிடமும் இருக்கிறது. கண் அதற்கு ஏற்ற கருவி இல்லை. டியூப்லைட்டிலும் குண்டு பல்பிலும் வெள்ளை வேட்டியை வெள்ளையாகவே பார்க்கும் திறன் கண்ணுக்கு உண்டு. ஒளியின் சாயலை மூளை கழித்துவிடுகிறது. நீலம் பாய்ந்த மானிட்டரின் முன் கால்மணி நேரம் உட்கார்ந்தால் அந்த நீலமும் இப்படியே கழிந்துபோகும்.

அதனால்தான் கலரிமீட்டர். உள்ளங்கைக்குள் அடங்கும் கருவி. காலிபிரைட், டேட்டாகலர் போன்ற நிறுவனங்கள் விற்கின்றன. யுஎஸ்பியில் செருகி, ஒயரில் இருக்கும் எடைக்கட்டியைத் திரைக்குப் பின்னால் தொங்கவிட்டு, கருவியைத் திரையின் நடுவே படியவைக்க வேண்டும். அதற்கு அரைமணி நேரம் முன்பே மானிட்டர் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். நைட் லைட், ட்ரூ டோன், டைனமிக் கான்ட்ராஸ்ட் என்று தானாக மாறும் எல்லாவற்றையும் அணைத்துவிட வேண்டும்.

மென்பொருள் மூன்று இலக்குகளைக் கேட்கும். வெண்மை: டி65, அதாவது சுமார் 6500 கெல்வின். பிரகாசம்: 100 அல்லது 120 கேண்டலா. காமா: 2.2. கறுப்பிலிருந்து வெள்ளை வரை ஏறும் பாதை எவ்வளவு செங்குத்து என்பதே காமா. 2009-ல் ஸ்னோ லெப்பர்டு வரும்வரை மேக் கணினிகளின் வழக்கம் 1.8, விண்டோஸில் 2.2. ஒரே படம் மேக்கில் வெளிறியும் விண்டோஸில் இருண்டும் தெரிந்த காலம் அது. இப்போது இரண்டிலும் 2.2-தான்.

இலக்கைக் கொடுத்ததும் கருவிக்குக் கீழே சிவப்பு, பச்சை, நீலம், சாம்பலின் பல படிகள் என்று சதுரங்கள் ஒன்றன்பின் ஒன்றாக மின்னும். கேட்ட நிறத்துக்கும் வந்த நிறத்துக்கும் உள்ள வித்தியாசத்தைக் கருவி குறித்துக்கொள்ளும். முடிவில் அந்த மானிட்டருக்கென்று ஒரு ஐசிசி ப்ரொஃபைல் உருவாகும். அடோபி, ஆப்பிள், கோடக், மைக்ரோசாஃப்ட் உள்ளிட்ட எட்டு நிறுவனங்கள் 1993-ல் சேர்ந்து அமைத்த கூட்டமைப்பு வகுத்த வடிவம் இது. ஃபோட்டோஷாப்பும் லைட்ரூமும் அந்த ப்ரொஃபைலைப் படித்து, திரையின் கோணலுக்கு ஏற்ப நிறத்தைத் திருத்தி அனுப்பும். ஐசோவின் கலர்எட்ஜ் வரிசை போன்ற உயர்விலை மானிட்டர்களில் திருத்தம் மானிட்டருக்குள்ளேயே எழுதப்படுகிறது. சில மாடல்களில் அளக்கும் சென்சாரும் உள்ளேயே இருக்கிறது.

ஒருமுறை செய்தால் போதாது. பின்னொளி நாளாக நாளாக மங்கும், சாயலும் நகரும். மளிகைக்கடைத் தராசுக்குக் காலம் தவறாமல் முத்திரை போடுவதுபோல, மாதம் ஒருமுறை மானிட்டரை அளப்பது தொழில்முறை வழக்கம். கருவி ஒன்றுதான் தேவை என்பதால், நாலைந்து ஸ்டூடியோக்காரர்கள் சேர்ந்துகூட வாங்கிவைத்துக்கொள்ளலாம்.

அறையும் ஒரு பாகம்

எஸ்ஆர்ஜிபி தரத்தை வகுத்தவர்கள் திரையோடு நிற்கவில்லை. பார்க்கும் அறையின் வெளிச்சத்தையும் 64 லக்ஸ் என்று எழுதிவைத்தார்கள். வழக்கமான அலுவலக வெளிச்சத்தைவிட அது மிகக் குறைவு. சுற்றிலும் வெளிச்சம் கூடினால் நிழல் பகுதி அடைந்து தெரியும், எடிட்டர் அதைத் தூக்குவார். கும்மிருட்டில் உட்கார்ந்தால் நேர்மாறாக நடக்கும்.

ஜன்னல் முதுகுப்பக்கம் இருந்தால் அதன் வெளிச்சம் திரையில் விழும். முகத்துக்கு நேரே இருந்தால் கண் கூசும். மேஜையைப் பக்கவாட்டில் திருப்பிப் போட்டுத் திரைச்சீலை மாட்டினால் பாதி வேலை முடிந்தது. மானிட்டருக்குப் பின்னால் உள்ள சுவர் ரோஸாகவோ கிளிப்பச்சையாகவோ இருந்தால், கண் அந்த நிறத்துக்கு எதிர்ப்பக்கம் சாயும். அந்த ஒரு சுவருக்கு மட்டும் மங்கலான சாம்பல் பெயின்ட் போதும். டெஸ்க்டாப்பிலும் சாம்பல்தான். காலையில் வெயில், மாலையில் டியூப்லைட் என்று மாறிக்கொண்டே இருக்கும் அறையில், அளந்துவைத்த மானிட்டரும் மாறி மாறித் தெரியும். நிறங்களை எவ்வளவு சரியாகக் காட்டுகிறது என்று சொல்லும் நிற மதிப்பெண் (சிஆர்ஐ) 90-க்கு மேல் உள்ள எல்இடி விளக்கு ஒன்றை நாள் முழுக்க எரியவிடுவது நல்லது.

இருக்கும் பணத்தில் எதை முதலில் வாங்குவது? புதிதாகத் தொடங்குபவருக்கு, எஸ்ஆர்ஜிபியை முழுதாகக் காட்டும் நடுத்தர ஐபிஎஸ் மானிட்டரும் ஒரு கலரிமீட்டரும் சேர்ந்து, அளக்காமல் ஓடும் விலையுயர்ந்த மானிட்டரைவிட நம்பகமானவை. ஏற்கெனவே ஐபிஎஸ் வைத்திருப்பவர் கலரிமீட்டரை மட்டும் வாங்கினால் போதும். அடோபி ஆர்ஜிபி மானிட்டருக்கான செலவு, அச்சுக்கும் ஜவுளிக்கும் வேலை செய்பவர்களுக்குத்தான் திரும்ப வரும்.

அளந்த பிறகு, முகம், வெள்ளை வேட்டி, கறுப்பு முடி, பட்டு நான்கும் உள்ள ஒரு படத்தை வழக்கமான லேபில் எந்தத் திருத்தமும் செய்ய வேண்டாம் என்று சொல்லி பிரிண்ட் போட்டு, திரைக்குப் பக்கத்தில் வைத்து ஒப்பிட வேண்டும். நிறம் ஒத்துப்போனாலும் ஒரு வித்தியாசம் மிஞ்சும்: ஐபிஎஸ் திரையில் வெள்ளைக்கும் கறுப்புக்கும் இடையே ஆயிரம் மடங்கு தூரம், காகிதத்தில் அது மிகக் குறைவு. அந்த இடைவெளியை அச்சுக்கு அனுப்பும் முன்பே திரையில் பார்த்துவிடும் சாஃப்ட் ப்ரூஃப் முறையும், லேபிடம் கேட்டு வாங்க வேண்டிய ப்ரொஃபைலும் அடுத்த வாரம்.

(தொடரும்)