மணல்திட்டில் உடையும் அலை

சென்னைக்குத் தெற்கே, கிழக்குக் கடற்கரைச் சாலையில் அமைந்துள்ள மாமல்லபுரம் சிற்பக்கலைக்குப் பெயர்பெற்றது. அண்மைக் காலமாக அலைச்சறுக்கு வீரர்களும் அவ்வூரை நாடி வருகின்றனர். 2025ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் ஆசிய அலைச்சறுக்குப் போட்டி அங்கு நடைபெற்றது. டோக்கியோ ஒலிம்பிக்கில் முதன்முதலாக இடம்பெற்ற இவ்விளையாட்டிற்கு உகந்த அலை அக்கரையில் எவ்வாறு அமைகிறது?

தொலைவில் வீசும் காற்று கடற்பரப்பிற்கு அளிக்கும் ஆற்றலே அலையாகப் பயணம் செய்கிறது. நீரோ ஏறத்தாழ இருந்த இடத்திலேயே சுழன்று எழுந்து தாழ்கிறது. தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில், இந்தியப் பெருங்கடலின் தென்பகுதியில் எழும் நெடிய அலைகள் பல்லாயிரம் கிலோமீட்டர் கடந்து இக்கரையை அடைகின்றன. கரையை நெருங்க நெருங்க அலையின் அடிப்பகுதி தரையால் தடைபட்டு வேகம் இழக்கிறது, முகடு உயர்கிறது. நீரின் ஆழம் அலையின் உயரத்தைப் போல் ஏறத்தாழ ஒன்றேகால் மடங்காகக் குறைந்ததும் அலை உடைகிறது.

கோயிலை ஒட்டிய பாறைப்பகுதி நீங்கலாக, இங்கு அலையை உடைப்பது நீருக்கடியில் உள்ள மணல்திட்டேயாகும். பாறை நிலைத்திருக்கும், மணலோ ஒரே புயலில் இடம் மாறிவிடும். சென்ற மாதம் அலை அழகாக உடைந்த இடத்தில் இம்மாதம் அது தோன்றாமலே போகலாம். ஆண்டின் பெரும்பகுதியில் மணல் தெற்கிலிருந்து வடக்கு நோக்கி நகர்கிறது. அதன் வழியை மறித்தால் கரையே மாறும். சென்னைத் துறைமுகம் கட்டப்பட்டபின் தெற்கே மணல் சேர்ந்து மெரினா அகன்றது. வடக்கே இராயபுரம் முதலிய பகுதிகளைக் கடல் அரித்தது.

திட்டுகளுக்கு இடையேயுள்ள பள்ளத்தின் வழியாகவே, கரையில் குவிந்த நீர் மீண்டும் கடலுக்குள் விரைகிறது. இதுவே இழுவை நீரோட்டம். அங்கு அலை உடையாததால் நீர்ப்பரப்பு அமைதியாகத் தோன்றும். அவ்வமைதியை நம்பி இறங்கியோர் பலர் உயிரிழந்துள்ளனர். அதில் சிக்கியவர் கரையை நோக்கி எதிர்நீச்சல் இட்டுச் சோர்ந்துவிடாமல், கரைக்கு இணையாக நீந்தி நீரோட்டத்திலிருந்து விலக வேண்டும். தேர்ந்த அலைச்சறுக்கு வீரர்களோ ஆழ்கடல் பக்கம் செல்ல அதனையே வழியாகக் கொள்கின்றனர்!

பண்டைத் தமிழர் காற்றை அது வீசும் திசைகொண்டு வாடை, தென்றல், கோடை, கொண்டல் என வகுத்தனர். அப்பகுப்பு இவ்விளையாட்டிற்கும் பொருந்துவது வியப்பிற்குரியது. கிழக்கிலிருந்து வரும் கொண்டல் அலையைப் பின்னிருந்து தள்ளி உரிய நேரத்திற்கு முன்பே கலைத்துவிடும். மேற்கிலிருந்து மெல்ல வரும் நிலக்காற்றோ அலைமுகத்தை எதிர்த்து நின்று, அது சரிவதைத் தாமதப்படுத்தும். நிலக்காற்று வீசும் வைகறையே வீரர்கள் விரும்பும் பொழுது.

மீனவர் படகுகள் கரைதிரும்பும் பொழுதும் அதுவே. கடற்கரைக் கோயில் வளாகம் வேலியிடப்பட்டுள்ளதால், பலகையுடன் வருவோர் குப்பத்தை ஒட்டிய மணல்வெளி வழியாகக் கடலுக்கு இறங்குகின்றனர். அங்கே வலைகள் உலர்கின்றன, படகுகள் நிற்கின்றன, மீன்கள் விலைபோகின்றன. அலையின் மீதேறிக் கரைநோக்கி வரும் படகை இடையில் திருப்புவது எளிதன்று. எனவே, விலகி வழிவிட வேண்டியவர் பலகையில் இருப்பவரே. உள்ளூர் வீரர்களுக்கு இதனை எவரும் கற்பிக்கத் தேவையில்லை. அவர்களுள் பலர் அக்குப்பத்தில் பிறந்து, தந்தையரின் படகுகளில் கடலை அறிந்தவர்கள்.