ஆறு பேருக்கு ஒரு சட்டி: சூடான கொண்டைக்கடலை டிப்

(எபிசோடின் ஒலிப்பதிவு, வாசிப்பதற்கு ஏற்ற மாதிரி சற்றே சுருக்கித் திருத்தப்பட்டது.)

இன்னைக்கு எபிசோடு முழுக்க சமையல்தான். ஒரே ஒரு ஐட்டம். ஆனா அதுக்கு முன்னாடி அது எங்க வீட்டுக்குள்ள எப்படி வந்துச்சுன்னு சொல்லிடறேன்.

வேளச்சேரியில நாங்க மூணு பேர் சேர்ந்து ஒரு வீடு எடுத்திருக்கோம். ஞாயித்துக்கிழமை சாயங்காலம் ஆனா இன்னும் மூணு பேர் வந்துடுவாங்க. போன்ல ஆர்டர் போடுவோம், சாப்பிட்டு முடிச்சதும் குரூப்ல பில்லை ஆறாப் பிரிச்சுப் போடுவோம், எல்லாரும் யுபிஐல அனுப்பிடுவாங்க. ரொம்ப நாளா இதுதான் பழக்கம். நடுவுல ஒரு நண்பனுக்கு வேலை போச்சு. அதுக்கப்புறம் அவன் வரல. "தலைவலிடா", "ஊருக்குப் போறேன்டா"ன்னு வாரா வாரம் ஒரு காரணம். நாலாவது வாரம்தான் எங்களுக்கு உறைச்சுது. பிரச்சினை தலைவலி இல்ல, குரூப்ல வர்ற அந்தக் கணக்கு.

"உனக்கு நாங்க குடுக்கறோம்"னு சொல்லியிருந்தா அவன் சுத்தமா வந்திருக்கவே மாட்டான். அதனால ஆர்டர் போடறதையே நிறுத்திட்டோம். வீட்டுலயே ஒரு சட்டி, எல்லாரும் அதுலயே தொட்டுச் சாப்பிடணும். ஒரு நிபந்தனை இருந்துச்சு. ஆறு பேர்ல ரெண்டு பேர் சைவம், ஒருத்தன் ஜிம் பைத்தியம், எதை எடுத்தாலும் "புரோட்டீன் எவ்வளவு?"ன்னு கேப்பான். அப்படி வந்து சேர்ந்ததுதான் இந்தக் கொண்டைக்கடலை டிப்.

இதுக்கு அடிப்படை ஹம்முஸ். அரபியில அந்தச் சொல்லுக்கு அர்த்தமே கொண்டைக்கடலைதான். நம்ம ஊர் கடைகள்ல ஆறிப்போனதாத்தான் கிடைக்கும். துருக்கியில அதைச் சூடு பண்ணி, மேல வெண்ணெய் உருக்கி ஊத்திச் சாப்பிடற வழக்கம் உண்டு. நான் அங்கேருந்து சூட்டை எடுத்துக்கிட்டு, தயிரும் பனீரும் சேர்த்துக்கிட்டேன்.

முதல்ல ஜிம்காரனோட கேள்விக்குப் பதில். ஆறு பேருக்கு காய்ந்த வெள்ளைக் கொண்டைக்கடலை 250 கிராம். அதுல ஏறக்குறைய 50 கிராம் புரதம். பனீர் 200 கிராம், அதுல சுமார் 36. துணியில கட்டித் தொங்கவிட்ட 400 கிராம் தயிர்ல ஒரு 10, மூணு மேசைக்கரண்டி எள்ளுல ஒரு 5. கூட்டினா 100 கிராம் பக்கம் வரும். ஆளுக்குப் 16, 17 கிராம், அதாவது கிட்டத்தட்ட மூணு முட்டை. எள்ளு வெறும் வாசனைக்கு இல்லைங்க. பருப்பு வகைகள்ல மெத்தியோனின்ங்கற அமினோ அமிலம் குறைவு, எள்ளுல அது நல்லாவே இருக்கு. ரெண்டும் சேர்ந்தா ஒண்ணோட குறையை இன்னொண்ணு நிரப்பிடும்.

சரி, செய்முறை. சனிக்கிழமை ராத்திரியே கடலையை ஊறப்போட்டுடுங்க. காலையில அந்தத் தண்ணியைக் கொட்டிட்டு, புதுத் தண்ணி ஊத்தி, கால் டீஸ்பூன் சமையல் சோடா, கொஞ்சம் உப்பு போட்டு குக்கர்ல ஆறு விசில். சோடா எதுக்கு? கடலையோட தோலை இறுக்கிப் பிடிச்சு வெச்சிருக்கறது பெக்டின். காரத்தன்மை இருந்தா அது சீக்கிரம் கரைஞ்சிடும். ரெண்டு விரலுக்கு நடுவுல வெச்சு லேசா அழுத்தினா மசியணும். மசியலைன்னா இன்னும் ரெண்டு விசில் விடுங்க. இதுல அவசரப்பட்டா கடைசி வரைக்கும் டிப் நறநறன்னுதான் இருக்கும். வெந்த தண்ணியைக் கொட்டிடாதீங்க, வேணும்.

வறுத்த வெள்ளை எள்ளை முதல்ல பொடி பண்ணி, ரெண்டு ஸ்பூன் எண்ணெய் விட்டு விழுதா அரைங்க. அதுலயே கடலையைப் போட்டு, வெந்த தண்ணியைக் கொஞ்சம் கொஞ்சமா விட்டு அரைங்க. கடலை வெதுவெதுன்னு இருக்கும்போது அரைச்சா வழவழன்னு வரும். கொதிக்கக் கொதிக்கப் போட்டு மூடினீங்கன்னா ஆவி மிக்சி மூடியைத் தூக்கி அடிச்சிடும், ஜாக்கிரதை.

அடி கனமான சட்டியில எண்ணெய் விட்டு, நசுக்கின பூண்டு ஆறு பல், பொடியா நறுக்கின வெங்காயம் ஒண்ணு, தக்காளி ஒண்ணு, சீரகத்தூள், மிளகாய்த்தூள். பச்சை வாசனை போனதும் அரைச்ச கடலை. சின்னத் தீயில அஞ்சு நிமிஷம், கை எடுக்காம கிண்டணும். மாவுச்சத்து அடியில பிடிச்சுக்கும்.

இப்போதான் முக்கியமான இடம். முதல் ஞாயித்துக்கிழமை நான் சொதப்பினது இங்கதான். ஃப்ரிட்ஜ்லேருந்து எடுத்த தயிரை அப்படியே கொதிக்கிற சட்டியில கொட்டினேன். ரெண்டே நிமிஷத்துல திரிதிரியாப் போய், மேல தண்ணி மிதந்துச்சு. தயிர்ல ஏற்கெனவே புளிப்பு இருக்கு, அதோட திடீர்னு பெரிய சூடும் சேர்ந்தா அதுல இருக்கிற புரதம் சுருங்கிக் கட்டியாகி, தண்ணியை வெளியே தள்ளிடும். அம்மாவுக்கு போன் பண்ணேன். "மோர்க்குழம்பு வெக்கறப்போ என்னடா பண்ணுவேன் நான்?"னு கேட்டாங்க. அவ்வளவுதான், புரிஞ்சுபோச்சு. தயிரை முன்னாடியே வெளியே எடுத்து வெச்சு, ஒரு டீஸ்பூன் கடலை மாவு போட்டு நல்லா அடிச்சுக்கணும். மாவு புரதத்துக்கு நடுவுல புகுந்து, ஒண்ணோட ஒண்ணு ஒட்ட விடாது. அப்புறம் சட்டியிலேருந்து ரெண்டு கரண்டி சூடான விழுதை எடுத்துத் தயிர்ல கலந்து, அதைப் பழக்கிட்டு, அதுக்கப்புறம் சட்டியில ஊத்தணும். ஊத்தின பிறகு கொதிக்க விடவே கூடாது. ஓரத்துல லேசா நுரை கட்டினா உதிர்த்த பனீரைப் போட்டுக் கிளறி அடுப்பை அணைச்சிடுங்க. எலுமிச்சை பிழியறது அணைச்ச பிறகுதான்.

இறக்கும்போது இட்லி மாவுப் பதத்துல இருக்கணும். "தண்ணியா இருக்கே"ன்னு பயப்படாதீங்க, ஆற ஆற இறுகிடும். மண்சட்டி இருந்தா அதுக்கு மாத்திடுங்க, சூடு ரொம்ப நேரம் நிக்கும். கடைசியா வெண்ணெயை உருக்கி, அடுப்பை அணைச்சிட்டு அதுல மிளகாய்த்தூள் போட்டு மேல ஊத்துங்க. அடுப்பு எரியும்போது போட்டா மிளகாய் கருகிக் கசக்கும்.

தொட்டுக்க கேரட், வெள்ளரி, முறுகச் சுட்ட சப்பாத்தித் துண்டு. அப்பளம் வேண்டாம், உடைஞ்சு உள்ளயே மூழ்கிடும். எங்க அனுபவத்துல நம்பர் ஒன் தட்டைதான்.

ஒரு எச்சரிக்கை. பேச்சு சுவாரசியத்துல சட்டியை ராத்திரி முழுக்க வெளியே விட்டுடாதீங்க. பால் பொருள் இருக்கு. ரெண்டு மணி நேரத்துக்குள்ள, சென்னை வெயில் காலம்னா ஒரு மணி நேரத்துக்குள்ள, மிச்சத்தை ஃப்ரிட்ஜ்ல வெச்சிடுங்க. மறுநாள் கொஞ்சம் வெந்நீர் விட்டு, சின்னத் தீயில சூடு பண்ணிக்கலாம்.

திரிஞ்சுபோன அந்த முதல் சட்டியைச் சாப்பிட அவன் வரல. அடுத்த வாரம் "வீட்டுலயே பண்றோம், தொட்டுக்க ஏதாவது கொண்டு வா"ன்னு மட்டும் மெசேஜ் போட்டோம். வந்தான். கையில ஒரு பாக்கெட் தட்டை. யார் எவ்வளவு சாப்பிட்டாங்கன்னு சட்டியில கணக்கு இல்ல. குரூப்ல அன்னைக்கு எந்தத் தொகையும் வரல. அவனுக்கு இன்னும் வேலை கிடைக்கல, ஆனா ஞாயித்துக்கிழமை தவறறதில்ல. இப்போ கடலை அரைக்கிற வேலை அவனோடது.

நீங்களும் பண்ணிப் பாருங்க. தயிர் திரிஞ்சுதா இல்லையான்னு ஒரு வாய்ஸ் நோட் அனுப்புங்க. அடுத்த வாரம் பார்ப்போம்.