இருபத்தெட்டு நாள் கெடு

மார்ச் மாதம் பிறந்தால் சிறிய ஓட்டல்களின் கணக்குகள் ஒவ்வொன்றாக என் மேசைக்கு வந்துவிடும். 2025 மார்ச்சில், நியூ ஜெர்சியில் இட்லி, தோசை விற்கும் ஓர் அண்ணனின் சம்பளப் பட்டியலைப் புரட்டிக்கொண்டிருந்தேன். முந்தைய ஜூனில் ஓர் இளைஞர் பாத்திரம் கழுவச் சேர்ந்திருந்தார். வாரம் தவறாமல் வேலை செய்து, வருடக் கடைசி வரை நிலைத்திருந்தார். பெரும்பாலும் மூன்றாவது வாரமே ஆள் மாறிவிடும் வேலை அது. விசாரித்தபோதுதான் தெரிந்தது, சிறையிலிருந்து வெளியே வந்து இரண்டு மாதம் முடிவதற்குள் அண்ணன் அவரைச் சேர்த்துக்கொண்டிருக்கிறார்.

“அண்ணே, அந்தப் பையனுக்கு 8850 அனுப்பினீங்களா?”

“அது என்ன தம்பி? இப்ப வரியோட சேர்த்துப் போட்டுரலாம்ல?”

போட முடியாது. ஆள் வேலையில் சேர்ந்த 28 நாளுக்குள் மாநிலத்தின் வேலைவாய்ப்பு அலுவலகத்துக்கு அந்தப் படிவம் போயிருக்க வேண்டும். அண்ணனுக்குக் கிடைத்திருக்க வேண்டிய 2,400 டாலர் ஜூலையிலேயே கைவிட்டுப் போயிருந்தது. வருமானத்தில் கழித்துக்கொள்ளும் செலவுக் கணக்கு இல்லை இது. கட்ட வேண்டிய வரியிலேயே நேராகக் கழியும் டாக்ஸ் கிரெடிட்.

அவர் கேட்ட கேள்வியில் தவறு ஒன்றும் இல்லை. 1979இல் யாராவது கேட்டிருந்தால் பதில் வேறாக இருந்திருக்கும். வேலை கிடைக்கச் சிரமப்படுபவர்களைச் சேர்த்துக்கொள்ளும் முதலாளிக்கு வரியில் சலுகை என்று 1978இல் அமெரிக்க நாடாளுமன்றம் ஒரு சட்டம் போட்டது. முதல் வருடச் சம்பளத்தில் 6,000 டாலர் வரைக்கும் பாதி, இரண்டாம் வருடத்தில் கால் பங்கு. வறுமையில் வளர்ந்த இளைஞர்கள், வியட்நாம் போர்க் காலத்துப் படைவீரர்கள், சிறை மீண்டவர்கள் எல்லாரும் அந்தப் பட்டியலில் இருந்தார்கள். சான்றிதழைப் பிறகுகூட வாங்கிக்கொள்ளலாம். அதனால் பல இடங்களில் சம்பளப் பட்டியலை எடுத்துவைத்து, ஏற்கெனவே வேலை பார்ப்பவர்களில் யார் இந்த வகையில் வருவார் என்று தேடிப் பிடித்துச் சான்றிதழ் வாங்கினார்கள். சலுகை வேலை தேடுபவரின் கதவைத் தட்டவே இல்லை, கணக்கரின் மேசையோடு நின்றுவிட்டது.

1981இல் அந்தப் பின்தேதி வழியை அடைத்தார்கள். ஆனாலும் சந்தேகம் தீரவில்லை. 1994இல் தொழிலாளர் துறையின் தணிக்கை அலுவலகம் ஆராய்ந்து பார்த்து, இந்தச் சலுகையில் கணக்கு காட்டப்பட்டவர்களில் 92 சதவீதம் பேருக்குச் சலுகை இல்லாமலே வேலை கிடைத்திருக்கும் என்றது. அந்த வருடக் கடைசியோடு திட்டம் முடிந்துபோனது.

1996இல் அதே எண்ணம் வேறு பெயரில், இறுக்கமான விதிகளோடு திரும்பி வந்தது. வேலை தருகிறேன் என்று சொல்லும் நாளிலோ அதற்கு முன்போ, வந்தவர் படிவத்தின் முதல் பக்கத்தை நிரப்ப வேண்டும். பிறகு முதலாளி தன் பங்கை எழுதி, இருவரும் கையெழுத்திட்டு அனுப்ப வேண்டும். கெடு முதலில் 21 நாளாக இருந்தது, 2007இல் 28 ஆனது. எடுக்கலாமா வேண்டாமா என்று முதலாளி தயங்கும் அந்தக் கணத்தில் மனசை மாற்றத்தான் இந்தப் பணம் என்பது சட்டத்தின் நோக்கம். அது நியாயம் என்றே நானும் நினைக்கிறேன். எனக்கு வலிப்பது வேறு இடத்தில்.

பெரிய செயின் உணவகங்கள் பலவற்றில் இன்று விண்ணப்பத்தைக் கணினியில் நிரப்பும்போதே இந்தக் கேள்விகள் வந்துவிடுகின்றன. படிவத்தை அனுப்ப, மணிக்கணக்கை எண்ண, சான்றிதழைத் தொடர தனி நிறுவனங்கள் இருக்கின்றன. அங்கே மேனேஜருக்குக்கூட இப்படி ஒன்று நடப்பது தெரியாமல் இருக்கலாம். எதிரே உட்கார்ந்த ஆளின் முகத்தைப் பார்த்து, “சரிப்பா, நாளைக்குக் காலையில ஏழு மணிக்கு வந்துடு” என்று சொல்லும் அண்ணன் போன்றவர்தான் உண்மையில் துணிந்து ஆள் எடுக்கிறார். அவர் கையில் படிவம் இல்லை.

மணிக்கணக்கு விஷயமும் ஓட்டல்காரர்கள் கவனிக்க வேண்டியது. ஒருவர் 120 மணி நேரம்கூட வேலை செய்யாமல் போனால் எதுவும் இல்லை. 120 ஆனால் சம்பளத்தில் 25 சதவீதம், 400 தொட்டால் 40 சதவீதம். மணிக்கு 15 டாலர் என்று வைத்துப் பாருங்கள். 399 மணி நேரத்துக்குக் கிரெடிட் ஏறக்குறைய 1,496 டாலர். இன்னும் ஒரே ஒரு மணி நேரம் வேலை செய்தால் சம்பளம் சரியாக 6,000 ஆகி, கிரெடிட் 2,400. பத்தாவது வாரத்தில் ஆளை நிறுத்த நினைக்கும் முதலாளி இந்தக் கணக்கைப் பார்த்துவிட்டு நிறுத்தட்டும்.

நம்மவர் ஓட்டல்களில் இன்னொன்றும் உண்டு. மகன், தம்பி, அண்ணன் மகன், மச்சான் என்று சொந்தக்காரரைச் சேர்த்தால் இந்தச் சலுகை கிடையாது. ஏற்கெனவே இருந்து விலகியவரைத் திரும்பச் சேர்த்தாலும் கிடையாது.

தகுதிப் பட்டியல் காலத்தோடு விரிந்திருக்கிறது. ஃபுட் ஸ்டாம்ப் வாங்கும் குடும்பத்து இளைஞருக்கு முதலில் 24 வயதுவரைதான் இருந்தது, இப்போது 39 வரை. 27 வாரமாவது வேலையில்லாமல் இருந்தவர்களை 2015 டிசம்பரில் வந்த சட்டம் சேர்த்தது. சில முன்னாள் படைவீரர்களுக்குக் கிரெடிட் 9,600 டாலர் வரை போகும்.

“சிறைக்குப் போனாயா என்று ஒருவரை எப்படித் தம்பி கேட்பது?” என்று அண்ணன் தயங்கினார். அந்தத் தயக்கம் எனக்குப் பிடித்திருந்தது. 8850 படிவத்தை விரித்துக் காட்டினேன். அரசு உதவி, ஃபுட் ஸ்டாம்ப், படைச் சேவை, சிறை எல்லாம் ஒரே கட்டத்தின் கீழ் வரிசையாக இருக்கின்றன. இவற்றில் ஏதாவது ஒன்று பொருந்தினால் ஒரு டிக் போதும், எது என்று அந்தத் தாள் சொல்லாது. கூடவே போகும் 9061 படிவத்தில் தனித்தனியாகக் கேட்கிறார்கள் என்பதையும் மறைக்காமல் சொன்னேன். சேரும் எல்லாரிடமும் ஒரே தாளைக் கொடுங்கள், ஒருவரை மட்டும் தனியே கூப்பிடாதீர்கள் என்றேன்.

கோவிட் காலத்து ஊழியர் தக்கவைப்புச் சலுகை இந்த விஷயத்தையே குழப்பிவிட்டது. கமிஷனுக்காகப் போன்மேல் போன் போட்டவர்களை நம்பித் தகுதியில்லாமல் விண்ணப்பித்தவர்கள் பலர். 2023 செப்டம்பர் 14இல் அமெரிக்க வரித்துறையான ஐ.ஆர்.எஸ். புதிய விண்ணப்பங்களைப் பரிசீலிப்பதையே நிறுத்திவைத்தது. அதன்பிறகு டாக்ஸ் கிரெடிட் என்றாலே சிறிய கடைக்காரர்கள் மிரள்கிறார்கள்.

2025 நவம்பரில் அண்ணன் கடைக்குப் போயிருந்தேன். கல்லாவுக்குப் பின்னால் ஒரு பச்சை ஃபோல்டர். புதிதாகச் சேருபவர் நிரப்பும் மற்றத் தாள்களோடு 8850உம் பத்துப் பிரதி இருந்தது. மேலட்டையில் பேனாவால் ‘28’ என்று பெரிதாக எழுதியிருந்தார்.

“சட்டம் டிசம்பர் 31 வரைக்கும்தானாமே. அதுக்கப்புறம் சேர்றவங்களுக்கும் இதை அனுப்பணுமா?”

2014 கடைசியில் ஒருமுறை காலாவதியானதையும், 2015 டிசம்பரில் முன்தேதியிட்டுப் புதுப்பித்ததையும் சொன்னேன்.

“அனுப்புங்க அண்ணே. தபால் ரசீதை மட்டும் பத்திரமா வைங்க.”

ஃபோல்டரில் ரசீதுக்கென்று ஓர் உறையை அப்போதே ஒட்டினார்.