கம்ப்யூட்டர் ரிப்பேர்: செய்கூலி எவ்வளவு?

டிப்ளமோ சர்டிபிகேட் கைக்கு வர மூன்று வருஷம் ஆகும். ஆனால் காலேஜில் சேர்ந்த முதல் மாதமே தெருவில் நமக்கு ஒரு பட்டம் கொடுத்துவிடுகிறார்கள்: "கம்ப்யூட்டர் படிக்கிற பையன்". பட்டத்தோடு வேலையும் வரும். "தம்பி, எங்க வீட்டு சிஸ்டம் ஆன் ஆக மாட்டேங்குது. சும்மா ஒரு எட்டு வந்து பாத்துட்டுப் போயேன்." மெக்கானிக்கல் நண்பர்களை யாரும் இப்படி லாரி பார்க்கக் கூப்பிடுவதில்லை. நம்மைத்தான் கூப்பிடுகிறார்கள். அந்த 'சும்மா'வுக்கு உண்மையில் எவ்வளவு விலை என்று பார்ப்பதுதான் இந்தக் கட்டுரை.

இதை எழுத எனக்கு என்ன தகுதி என்று கேட்கலாம். இரண்டு வருஷமாகச் சனி, ஞாயிறுகளில் திண்டுக்கல்லில் வீட்டு வீட்டுக்குப் போய் கம்ப்யூட்டர் சரிசெய்யும் ஓர் அண்ணனோடு கூடப் போகிறேன். அவருக்குக் கடை கிடையாது. ஒரு பைக், ஒரு முதுகுப் பை, ஒரு பில் புக், அவ்வளவுதான். எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டியவன் நான் ஒருவன்தான். அப்பா சின்னாளபட்டியில் தையல் மெஷின் போட்டிருக்கிறார். படிப்பு முடிந்ததும் நானும் இதே தொழிலில் இறங்கலாமா என்ற யோசனை இருப்பதால், கணக்கைக் கொஞ்சம் அக்கறையாகவே கவனித்து வருகிறேன்.

அண்ணன் ஒரு வீட்டுக்கு வந்து பார்க்க 300 ரூபாய் வாங்குகிறார். பார்ட்ஸ் தனி. "அரை மணி நேர வேலைக்கு முந்நூறா? அப்ப ஒரு நாளைக்கு எவ்வளவு சம்பாதிப்பான்!" என்று காதுபடவே சொல்வார்கள். கணக்குப் போட்டே பார்ப்போம். நாளைக்கு நாலு வீடு, மாதம் 25 நாள் என்று வைத்துக்கொண்டால் 100 வீடு. ரூ. 30,000. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் நூறில் பதினைந்தாவது, "போன வாரம் நீங்க பாத்துட்டுப் போனதுதான், மறுபடியும் அப்படியே நிக்குது" என்று கூப்பிட்ட வீடாக இருக்கும். அங்கே காசு கேட்க முடியாது. ரூ. 4,500 போச்சு. ஒரு வீட்டுக்குப் போக வர 16 கி.மீ. என்றால் மாதம் 1,600 கி.மீ. லிட்டருக்கு 45 கி.மீ. கொடுக்கிற வண்டிக்கு 35 லிட்டருக்கு மேல் வேண்டும். பெட்ரோல் லிட்டர் 100 ரூபாய் என்று போட்டாலே சுமார் ரூ. 3,600. வண்டி சர்வீஸ், டயர் என்று 1,000. ஸ்க்ரூடிரைவர் செட், மல்டிமீட்டர், பென்டிரைவ், மாற்றிப் போட்டுப் பார்க்க ஒரு ஸ்பேர் ரேம், ஒரு ஸ்பேர் எஸ்.எம்.பி.எஸ். எல்லாம் தேய்கிற பொருள்தான். அதற்கு 1,500. போன் செலவு 500. மிச்சம் ரூ. 18,900. கடை போட்டு 5,000 வாடகையும் கொடுத்தால் ரூ. 13,900. இதில்தான் வீடு நடக்க வேண்டும். மழைக்காலத்தில் நாளைக்கு நாலு வீடு கிடைப்பதும் நிச்சயமில்லை.

300 ரூபாய் ஒன்றும் கொள்ளை இல்லை என்பது இதிலிருந்து தெரிகிறது. அப்படியானால் கொள்ளை எங்கே நடக்கிறது? அதற்கு ஒரு வீட்டுக் கதையைச் சொல்ல வேண்டும்.

ரிட்டயர்டு ஹெட்மாஸ்டர் ஒருவர் வீடு. டெஸ்க்டாப் கம்ப்யூட்டரில் பேன் சுற்றுகிறது, மானிட்டரில் படம் இல்லை. அதற்கு முன் டவுனில் ஒரு கடைக்காரர் பார்த்துவிட்டு, "போர்டு போச்சு, 6,500 ஆகும்" என்று சொல்லியிருக்கிறார். அண்ணன் முதலில் மானிட்டர் கேபிளைப் பார்த்தார். பிறகு எஸ்.எம்.பி.எஸ்.ஸைக் கழற்றி, பெரிய கனெக்டரில் பச்சை ஒயரையும் கறுப்பு ஒயரையும் ஷார்ட் செய்து மல்டிமீட்டர் வைத்தார். மஞ்சளில் 12, சிவப்பில் 5, ஆரஞ்சில் 3.3 வோல்ட் வர வேண்டும். 5 சதவீதம் கூடக் குறைய இருக்கலாம், அதாவது 12 என்பது 11.4க்குக் கீழே போகக் கூடாது. நாம் லேபில் படித்த அதே பாடம்தான். வோல்டேஜ் சரியாக இருந்தது. அப்புறம் ரேமைக் கழற்றி, அதன் தங்க முலாம் பூசிய பற்களைப் பென்சில் ரப்பரால் தேய்த்து, ஸ்லாட்டைப் பிரஷ்ஷால் சுத்தம் செய்து மாட்டினார். படம் வந்துவிட்டது. பற்களில் அழுக்கு படியப் படிய அங்கே ரெசிஸ்டன்ஸ் கூடி, சிக்னல் ஒழுங்காகப் போகாது. வேறு ஒன்றும் இல்லை.

மொத்தம் இருபத்தைந்து நிமிஷம். பில்லில் "ரேம் கான்டாக்ட் சுத்தம், சர்வீஸ் ரூ. 300" என்று எழுதிக் கொடுத்தார். சாருக்கு முகம் மாறிவிட்டது. "ஏம்ப்பா, ரப்பரால தேய்ச்சதுக்கு முந்நூறா? இருநூறு வெச்சுக்கங்க, காபி சாப்பிட்டுப் போங்க" என்றார். காபி நன்றாகத்தான் இருந்தது.

திரும்பி வரும்போது அண்ணன் சொன்னார்: "போர்டு மாத்திட்டேன்னு ஒரு அட்டைப்பெட்டியைக் கையில குடுத்திருந்தா ஆறாயிரத்தைந்நூறும் வந்திருக்கும்டா. ஒரு கேள்வி கேட்டிருக்க மாட்டாரு."

இந்த விஷயத்தின் முடிச்சே இங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன். பொருளுக்குக் காசு கொடுக்க நம் ஜனங்கள் தயங்குவதில்லை. கண்டுபிடித்ததற்குக் காசு என்றால்தான் கை உள்ளே போகிறது. ஆனால் இந்த வேலையில் நேரம் பிடிப்பது கண்டுபிடிப்பதற்குத்தான். மாற்றுவதற்கு நாலு ஸ்க்ரூ போதும். கண்டுபிடித்த கூலியை வாய் திறந்து கேட்க முடியாதவர் என்ன செய்கிறார்? அதைப் பொருளின் விலைக்குள் ஒளித்துவைக்கிறார். 40 ரூபாய் பேட்டரிக்கு 400 போடுகிறார். கெடாத எஸ்.எம்.பி.எஸ்.ஸை மாற்றுகிறார். இன்னும் ஒரு படி போனால் போர்டே போய்விடுகிறது. ஏமாற்றுகிறவர் செய்வது தப்புதான், அதில் சந்தேகமில்லை. ஆனால் நேர்மையான பில்லைப் பார்த்து முகம் சுளிக்கிற வீடுகள்தான் அந்தப் பொய்ப் பில்லுக்கு வழி விடுகின்றன.

நகைக்கடையை யோசித்துப் பாருங்கள். தங்கம் இத்தனை, செய்கூலி இத்தனை, சேதாரம் இத்தனை என்று தனித்தனியாகப் போடுகிறார்கள். பேரம் பேசினாலும் செய்கூலி என்று ஒன்று உண்டு என்பதை யாரும் மறுப்பதில்லை. என் அப்பாவிடம் துணி கொண்டுவருகிறவர்களும் அப்படித்தான். துணி அவர்களுடையது, கூலி அப்பாவுடையது. "நூல் எவ்வளவு, அதுக்கு மட்டும் காசு தர்றேன்" என்று இதுவரை ஒருவரும் கேட்டதில்லை. கம்ப்யூட்டருக்கு மட்டும் ஏன் செய்கூலி கிடையாது?

சரி, வீட்டுக்கே வர வேண்டிய அவசியம் என்ன, கடைக்கு எடுத்துப்போனால் செலவு மிச்சம்தானே என்று ஒரு கேள்வி. லேப்டாப் என்றால் பெரும்பாலும் அது சரி. டெஸ்க்டாப்பில் அப்படி இல்லை. "கடையில ஓடுது, வீட்ல ஓடல" என்ற புகார் நிறைய வரும். கோளாறு கம்ப்யூட்டரில் இருக்காது, வீட்டில் இருக்கும். பிளக் பாயின்ட் லூஸாக இருக்கும், எர்த் ஒயர் பெயருக்கு மட்டும் இருக்கும், யு.பி.எஸ். உள்ளே இருக்கிற 12 வோல்ட் பேட்டரி செத்திருக்கும், கரண்ட் ஒரு கணம் போய் வந்தாலே மெஷின் அணையும். ஒரு வீட்டில் கேபினெட்டைத் தொட்டால் லேசாக ஷாக் அடிக்கிறது என்றார்கள். டெஸ்டர் வைத்துப் பார்த்தால் எர்த்தே இல்லை. அண்ணன் கம்ப்யூட்டரைத் திறக்கவே இல்லை. எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள் என்று சொல்லிவிட்டு, வந்ததற்கு மட்டும் காசு வாங்கினார். இதைக் கடையில் உட்கார்ந்து யாரும் கண்டுபிடிக்க முடியாது.

இன்னொன்று சுவாரசியமானது. "நெட் வரல, எந்த வெப்சைட்டும் திறக்கல" என்று கூப்பிடுவார்கள். போய்ப் பார்த்தால் கம்ப்யூட்டர் தேதி பல வருஷம் பின்னால் இருக்கும். போர்டில் இருக்கும் சி.ஆர். 2032 என்ற 3 வோல்ட் பட்டன் பேட்டரி தீர்ந்ததால், மெயின் ஆப் செய்யும்போதெல்லாம் தேதி பழையபடி போய்விடுகிறது. தேதி தப்பாக இருந்தால் பிரவுசர் வெப்சைட்டின் பாதுகாப்புச் சான்றிதழை ஏற்காது. வீட்டுக்காரர் இதற்குள் இன்டர்நெட் கம்பெனியோடு இரண்டு தடவை சண்டை போட்டிருப்பார்! இந்த மாதிரி சின்ன விஷயங்களை, வருகிறவர் செலவு வைக்கும் முன்பே, போனில் நாலு கேள்வி கேட்டுச் சொல்லிக்கொடுத்துவிடலாம். அண்ணன் அப்படிப் பல பேருக்குச் சொல்லியிருக்கிறார். அதற்குக் காசு வாங்குவதில்லை.

உண்மையிலேயே விலை உயர்ந்தது எது தெரியுமா? மெஷின் அல்ல, உள்ளே இருக்கிற கல்யாண போட்டோவும் கணக்கு வழக்கும்தான். ஹார்ட் டிஸ்க் 'டிக் டிக்' என்று சத்தம் போட்டால் உடனே ஆப் செய்துவிட வேண்டும். திரும்பத் திரும்ப ஆன் செய்து பார்த்தால், உள்ளே ஹெட் தட்டின் மேல் உரசி இருப்பதும் போய்விடும். அதைத் தூசி புகாத அறையில் வைத்துத்தான் பிரிக்க முடியும். அந்த வசதியுள்ள லேப்களில் ஆயிரக்கணக்கில் கேட்பார்கள். அதனால் பார்மட் செய்யும் முன் "எதெல்லாம் எடுத்து வைக்கணும்" என்று கேட்டு எழுதி, வீட்டுக்காரரிடம் கையெழுத்து வாங்குவது அண்ணன் வழக்கம். காப்பி எடுக்க இரண்டு மணி நேரம் ஆகும். 'பார்மட் ரூ. 300' என்று குறைத்துச் சொல்கிறவர், இந்த இரண்டு மணி நேரத்தைத்தான் பல சமயம் விட்டுவிடுகிறார்.

விண்டோஸ் விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். குறைந்த காசுக்குப் போட்டுத் தருவது லைசென்ஸ் இல்லாத காப்பியாக இருந்தால், அதை ஓட வைக்கும் கள்ள சாப்ட்வேரோடு வைரஸும் இலவசமாக வரலாம். விண்டோஸ் 10க்கு மைக்ரோசாப்ட் கொடுத்துவந்த சாதாரண சப்போர்ட் 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது. விண்டோஸ் 11க்கு டி.பி.எம். 2.0 வேண்டும், பிராசஸரும் ஓரளவு புதியதாக இருக்க வேண்டும். இதைச் சாக்கிட்டு நல்ல மெஷினைக் குப்பை என்று சொல்லிப் புதியது விற்கிறவர்களும் உண்டு. டைப் அடிக்கவும் பாட்டு கேட்கவும் மட்டும் வைத்திருக்கிறவர்களுக்கு லினக்ஸ் போட்டுக் கொடுத்தால் போதும். லைசென்ஸ் செலவு இல்லை, செய்கூலி மட்டும்தான்.

வீட்டுக்கு ஆளே வராமல் காசு பிடுங்குகிற கூட்டமும் இருக்கிறது. கஸ்டமர் கேர் என்று நெட்டில் போட்டிருக்கும் பொய் நம்பருக்குப் போன் செய்தால், எனிடெஸ்க் மாதிரி ஒன்றைப் போடச் சொல்லி நம் ஸ்கிரீனைப் பிடித்துக்கொண்டு, பேங்க் கணக்கைத் துடைத்துவிடுவார்கள். அப்படி நடந்தால் 1930க்கு உடனே போன் செய்யச் சொல்லுங்கள். வீட்டில் பெரியவர்களுக்கு இந்த ஒரு நம்பரையாவது எழுதி ஒட்டிவையுங்கள்.

இனி, யாராவது நம்மிடம் "யாரைக் கூப்பிடலாம்?" என்று கேட்டால் என்ன சொல்வது? மெஷினுக்கு வாரன்டி இருக்கிறதா என்று முதலில் பார்க்கச் சொல்ல வேண்டும். வாரன்டி உள்ளதை வெளியாள் பிரித்தால் கம்பெனி கை விரிக்கலாம். வந்து பார்க்க எவ்வளவு, சரியாகாவிட்டாலும் அது உண்டா என்று போனிலேயே கேட்டுவிட வேண்டும். மாற்றிய பழைய பார்ட்டைக் கையில் வாங்கிக்கொள்ள வேண்டும். இதைக் கேட்டால் நல்ல மெக்கானிக் கோபிக்க மாட்டார். ரிப்பேர் சேவைக்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதம். ஆனால் ரிஜிஸ்டர் செய்தவர் மட்டுமே அதை வாங்கலாம். சேவைத் தொழிலில் வருஷ வரவு 20 லட்சத்தைத் தாண்டாத சின்ன ஆட்கள் பொதுவாக ரிஜிஸ்டர் செய்யத் தேவையில்லை. ஆகவே ஜி.எஸ்.டி. நம்பர் இல்லாத பில்லில் 18 சதவீதம் போட்டிருந்தால் கேட்கலாம். தகராறு பெரிதானால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915 இருக்கிறது.

கடைசியாக நம் சொந்தப் பிரச்சினை. பக்கத்து வீட்டு அக்காவிடமும் அத்தையிடமும் எப்படிக் காசு கேட்பது? அப்பாவிடம் கேட்டேன். அவர் நோட்டைக் காட்டினார். சொந்தக்காரர் துணிக்கும் அளவு, தேதி, கூலி எல்லாம் முழுசாக எழுதியிருக்கிறது. வாங்காத கூலியை மட்டும் ஒரு கோடு போட்டு அடித்திருக்கிறார். "எழுதாம விட்டா சும்மா தைச்சதுன்னு ஆயிரும்ப்பா. எழுதிட்டு அடிச்சா, இவன் இவ்வளவு விட்டுக்குடுத்தான்னு அவங்களுக்குத் தெரியும்" என்றார்.

எங்கள் கிளாஸில் மூன்று பேர் சேர்ந்து இந்த லீவில் ஒரு பில் புக் அச்சடித்திருக்கிறோம். கட்டங்கள் நாலுதான்: வந்த செலவு, கண்டுபிடித்த கூலி, பார்ட்ஸ், தள்ளுபடி. முதல் பில் எங்கள் அத்தை வீட்டுக்கு. வந்த செலவு 50, கண்டுபிடித்த கூலி 150, பார்ட்ஸ் இல்லை, தள்ளுபடி 200. அத்தை அதை இரண்டு தடவை படித்துவிட்டு, மடித்து பீரோவில் வைத்துக்கொண்டார்.