சேமியாவில் விரைவான இரவு உணவு: நீரிழிவு நோயாளிகளுக்கும் பராமரிப்பாளர்களுக்கும்

இன்சுலின் போட்டுக்கொள்பவரும், கிளிமிபிரைடு போன்ற மாத்திரைகளை உட்கொள்பவரும் இரவு உணவைத் தவிர்த்தல் ஆபத்தானது. மருந்து தன் வேலையைச் செய்துகொண்டிருக்க, உறக்கத்திலேயே இரத்தச் சர்க்கரை அளவு தாழ்ந்துவிடக்கூடும். நூற்பாலைகளைச் சார்ந்து வளர்ந்த ஊர் இராஜபாளையம். இங்கு இரண்டாம் ஷிப்ட் முடிந்து நள்ளிரவை ஒட்டி வீடு திரும்புவோர்க்கு இது அன்றாடச் சிக்கல். அந்நேரத்தில் வீட்டில் மாவும் இராது, சமைக்க உடலில் தெம்பும் இராது. ஆனால் அலமாரியில் ஒரு பொட்டலம் சேமியாவும் சிறிது பாசிப்பருப்பும் பெரும்பாலும் இருக்கும், அவையே போதும்.

சேமியா கோதுமையால் ஆனது. அதனைச் 'சர்க்கரை ஏற்றாத உணவு' எனக் கருதுதல் தவறு. 60 கிராம் உலர்ந்த சேமியாவில் ஏறத்தாழ 45 கிராம் மாவுச்சத்து உள்ளது. கேழ்வரகுச் சேமியாவிலும் மாவுச்சத்து உண்டு. அளவின்றி உண்ண அதுவும் ஏற்றதன்று. எனவே 180 கிராம் பொட்டலத்தை மூன்று பேருக்கு எனப் பிரித்துக்கொள்ளுங்கள். தட்டின் எஞ்சிய பகுதியைப் பருப்பும் காய்கறியும் நிரப்ப வேண்டும்.

ஒருவருக்கு 30 கிராம் பாசிப்பருப்பை முதலில் வேகவையுங்கள்; குழையாமல் மலர்ந்தால் போதும். அதற்குள் வெங்காயம், தக்காளி, கேரட், பீன்ஸ் என இருப்பதை நறுக்கிவிடலாம். ஒரு தேக்கரண்டி எண்ணெயில் கடுகு, கறிவேப்பிலை, பச்சை மிளகாய் தாளித்துக் காய்களை வதக்கி, அளவாகத் தண்ணீர் ஊற்றிக் கொதிக்கவிடுங்கள். வறுத்த சேமியாவை இட்டு, தண்ணீர் வற்றியதும் பருப்பைக் கலந்து இறக்குங்கள். இருபது, இருபத்தைந்து நிமிடங்களில் உணவு தயார். பருப்பு இல்லையெனில் ஒரு முட்டையை உடைத்து ஊற்றிக் கிளறலாம். ஒரு கைப்பிடி வறுத்த வேர்க்கடலையும் உதவும்.

உப்பில் கவனம் தேவை. ஒருவருக்கு நாள் முழுவதற்கும் 5 கிராம், அதாவது ஒரு தேக்கரண்டி அளவே உச்சவரம்பு. உப்புமாவுடன் ஊறுகாயும் அப்பளமும் சேர்ந்தால், அந்த அளவின் பெரும்பகுதி ஒரே வேளையில் தீர்ந்துவிடும். உடனடி நூடுல்ஸ் பொட்டலத்தின் மசாலாத்தூளிலும் உப்பு மிகுதி. எலுமிச்சைச் சாறு பிழிந்தால் உப்புக் குறைவு நாவுக்குத் தெரியாது.

சிறுநீரக நோயாளிகள் பருப்பு, வேர்க்கடலை ஆகியவற்றின் அளவை மருத்துவரிடம் கேட்டறிந்த பின்னரே சேர்க்க வேண்டும். கோதுமை ஒவ்வாதவர்கள் அரிசிச் சேமியாவைப் பயன்படுத்தலாம்.

உணவுக்கு முன் போட வேண்டிய இன்சுலினை, உணவு எப்போது தயாராகும் என்பது உறுதியான பின்னரே போடுங்கள். ஊசி போட்டுவிட்டுப் பருப்பு வேகக் காத்திருக்கும் நிலை கூடாது. வாரந்தோறும் ஷிப்ட் மாறுவோர் தமது பணி நேரத்தை ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவரிடமோ, மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின்கீழ் வீட்டிற்கு வரும் பணியாளரிடமோ தெரிவித்தல் அவசியம். மருந்து வேளையைத் தாமாக மாற்றிக்கொள்ள வேண்டாம்.

நடுக்கம், வியர்வை, படபடப்பு, குழப்பம் ஆகியவை தோன்றினாலோ, இரத்தச் சர்க்கரை 70 மி.கி.க்குக் கீழே இருந்தாலோ, சமைக்கத் தொடங்காதீர்கள். மூன்று தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்து உடனே கொடுங்கள். திருவில்லிபுத்தூர் வட்டாரத்து வீடுகளில் முதலில் கைக்கு எட்டுவது பால்கோவாவாக இருக்கலாம். ஆயினும் அதிலுள்ள கொழுப்பு, சர்க்கரை இரத்தத்தில் கலப்பதைத் தாமதப்படுத்தும். இந்நேரத்திற்கு அது உதவாது. 15 நிமிடம் கழித்து மீண்டும் பரிசோதியுங்கள். அளவு உயரவில்லையெனில் சர்க்கரை நீரை மறுமுறை கொடுங்கள். உயர்ந்த பின் சேமியாவைச் சாப்பிடலாம். நினைவிழந்தவரின் வாயில் எதையும் ஊற்றாமல், ஒருக்களித்துப் படுக்கவைத்து 108-ஐ அழையுங்கள்.