காய் மூட்டை கீழே போகுது, நம்ம தட்டுல என்ன இருக்கு?



நம்ம வில்பட்டிப் பக்கம் விளையாத காய் எது சொல்லுங்க? காரட், பீட்ரூட், பீன்ஸ், பட்டாணி, முட்டைக்கோஸ், சௌசௌ, உருளைக்கிழங்கு. மலைப்பூண்டுக்கு 2019-ல் புவிசார் குறியீடே கிடைத்தது. பூண்டு வடுகபட்டிக்கும், காய் ஒட்டன்சத்திரத்துக்கும் வண்டி வண்டியாக இறங்குகிறது. ஆனால் மத்தியானம் அடுப்படியில் எட்டிப் பார்த்தால் ஒரு குண்டான் சோறு, தண்ணி மாதிரி ரசம், ஊறுகாய். நல்ல காய் விலைக்கு, சொத்தைக் காய் குழம்புக்கு என்று ஆகிவிட்டது. அந்தக் குழம்பிலும் அடியில் மிஞ்சியதுதான் வீட்டுப் பொம்பளைக்கு.

இதன் பலன் என்ன? 2019-21 தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 100-க்கு 53 பேருக்கு இரத்தசோகை. ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 100-க்கு 57 பேருக்கு. அதாவது 20 பேர் உட்காரும் நம்ம குழுக் கூட்டத்தில் 10 பேருக்கு இருக்கலாம். மேட்டுக்காட்டுக்கு ஏறும்போது மூச்சு வாங்குது, கிறுகிறுன்னு வருதுன்னு சொன்னா, "மலையில ஏறினா அப்படித்தான்"னு விட்டுவிடுகிறோம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஒரு சொட்டு இரத்தம் கொடுத்தால் தெரிந்துவிடும். இரும்புச்சத்து மாத்திரையும் அங்கே இலவசம்தான்.

"நல்லா சாப்பிட காசு வேணுமே?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. கணக்கைப் பார்ப்போம்.

ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு அரிசி போன்ற தானியம் 250 கிராம், பருப்பு பயறு 85 கிராம், காய் கீரை 400 கிராம் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் சொல்கிறது. அரிசிக்குக் குறைவில்லை, 2011 முதல் ரேஷனில் இலவசமாக வருகிறது. பருப்புதான் இடிக்குது. நாலு பேர் உள்ள வீட்டுக்கு 85 கிராம் கணக்கில் ஒரு நாளைக்கு 340 கிராம் வேண்டும். ரேஷனில் 30 ரூபாய்க்குக் கிடைக்கும் ஒரு கிலோ துவரம்பருப்பு மூணு நாளைக்குக்கூட முழுசாகக் காணாது. அதையே மாசம் பூரா இழுத்தால் ரசம் தண்ணியாகத்தானே இருக்கும்?

துவரம்பருப்பு மட்டுமே பருப்பு என்று நினைக்க வேண்டாம். கொள்ளு, தட்டைப்பயறு, மொச்சை, காய்ந்த பட்டாணி, நிலக்கடலை எல்லாவற்றிலும் புரதச்சத்து இருக்கிறது. மீல் மேக்கரில் பாதிக்குப் பாதி புரதம். பட்டர் பீன்ஸ், பட்டாணி போட்டவர்கள் விற்பதற்கு முன்னால் வீட்டுக்கு ரெண்டு படி எடுத்து வையுங்கள். பட்டர் பீன்ஸை மட்டும் நன்றாக வேகவைத்தே சாப்பிட வேண்டும், அரைவேக்காடு ஆகாது.

"பயறு வேகவே மாட்டேங்குது, விறகுதான் தீருது" என்று பல வீடுகளில் சொல்கிறார்கள். அது நிஜம்தான், பயறு மேல குத்தமில்லை. கீழ்நாட்டில் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும். மேலே போகப் போகக் காற்றழுத்தம் குறைவதால், நம்ம பக்கம் 93, 94 டிகிரியிலேயே கொதித்துவிடும். தளதளவென்று கொதித்தாலும் அது குறைந்த சூடுதான். அதனால்தான் பெரியகுளத்தில் வேகும் பருப்பு இங்கே அதே நேரத்தில் வேகாது. ராத்திரியே ஊறப் போடுங்கள். குளிர் நாளில் வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறப் போட்டால் இன்னும் நல்லது. குக்கரில் வைத்தால் உள்ளே சூடு 115 டிகிரிக்கு மேல் போகும், விறகும் கேஸும் மிச்சம். குக்கர் இல்லாதவர்களுக்கு என் யோசனை, சீட்டுப் பணத்தில் அடுத்த தடவை குடம் வாங்காமல் குக்கர் வாங்குங்கள். முளைகட்டுவதற்கும் இந்தக் குளிரில் ஒரு நாள் போதாது. துணியில் கட்டி அடுப்படிப் பக்கம் தொங்கவிட்டால் ரெண்டு நாளில் முளை வந்துவிடும்.

கீரைக்குக் காசே வேண்டாம். பீட்ரூட், முள்ளங்கி, நூக்கல் தழையை ஒடித்துக் களத்திலேயே போட்டுவிடுகிறோம். பருப்போடு சேர்த்துக் கடைந்தால் அது நல்ல கீரை. ஆனால் ஒரு எச்சரிக்கை. மருந்து அடித்த காட்டில் தழையோ மணத்தக்காளிக் கீரையோ பறிக்க வேண்டாம். வீட்டுக்கென்று மருந்து படாத ரெண்டு பாத்தி தனியாக ஒதுக்குங்கள், பாத்திரம் கழுவும் தண்ணியே அதுக்குப் போதும். உருளைக்கிழங்கைக் காய்க் கணக்கில் சேர்க்காதீங்க. அது மாவுச்சத்து, சோத்துக்குச் சேர்த்தி.

சாப்பிட்ட கையோடு டீ குடிப்பது நம்ம மலையில் எல்லோருக்கும் பழக்கம், குளிருக்கு வேண்டியிருக்கு. ஆனால் டீயில் இருக்கும் துவர்ப்பு, சாப்பாட்டில் உள்ள இரும்புச்சத்தை உடம்பில் ஒட்டவிடாது. கீரையும் பயறும் சாப்பிட்டு உடனே டீ குடித்தால் பாதிப் பலன் போச்சு. ஒரு மணி நேரம் கழித்துக் குடியுங்கள். சோத்தோடு எலுமிச்சையோ நெல்லிக்காயோ தக்காளியோ சேர்த்தால் இரும்புச்சத்து நன்றாகச் சேரும்.

ரேஷன் அரிசியில் வித்தியாசமாக சில அரிசி தெரியுதுன்னு பொறுக்கி எறிகிறார்கள். "பிளாஸ்டிக் அரிசி"ன்னு பேச்சு வேற! அது பிளாஸ்டிக் இல்லை. இரும்புச்சத்து, ஃபோலிக் அமிலம், வைட்டமின் பி12 சேர்த்த செறிவூட்டப்பட்ட அரிசி, நூற்றுக்கு ஒன்று என்று கலந்து வருகிறது. அங்கன்வாடியில் தரும் சத்துமாவும் கர்ப்பிணிக்கும் பால் கொடுக்கும் தாய்க்கும் குழந்தைக்கும்தான். அது சில வீடுகளில் மாட்டுத் தொட்டிக்குப் போவதைப் பார்க்க மனசு கேட்கவில்லை. உருண்டையாகப் பிடித்துக் கொடுங்கள், பிள்ளைகள் தின்பார்கள்.

பிள்ளைகள் என்றதும் கடைப் பாக்கெட் ஞாபகம் வருது. ரெண்டு பிள்ளைக்குத் தினம் ஆளுக்கு 5 ரூபாய் என்றால் மாசம் 300 ரூபாய். இன்றைய விலையில் அதுக்குச் சுமார் 40 முட்டை வாங்கலாம். இல்லையென்றால் நிலக்கடலையும் வெல்லமும் கேழ்வரகும் வாங்கலாம். கேழ்வரகில் அரிசியைவிடச் சுண்ணாம்புச்சத்து பல மடங்கு அதிகம். பாட்டிமார்கள் அந்தக் களியைத் தின்றுதான் இந்த மேட்டில் ஏறி இறங்கினார்கள்.

பயறு வகைகளைச் சில்லறையாக வாங்கும்போதுதான் விலை கடிக்குது. ஐந்தாறு குழுக்கள் சேர்ந்து வத்தலக்குண்டில் மூட்டையாக எடுத்து வந்து, வண்டி வாடகையைப் பிரித்துக்கொண்டால் கிலோவுக்கு நல்ல மிச்சம் வரும். உங்கள் குழுவுக்குக் கொள்ளு எத்தனை கிலோ, தட்டைப்பயறு எத்தனை கிலோ, கடலை எத்தனை கிலோ என்று எழுதி, அடுத்த கூட்டமைப்புக் கூட்டத்துக்கு ஊக்குநர் அக்கா கையில் கொடுத்து விடுங்கள்.