சாளரத்தினுள் பலகங்கள்: அளவும் அடுக்கும்

பெங்களூரில் அல்சூரை அடுத்துள்ள ஜோகுபாளையத்தில் ஒருவர் 20 அடி அகலமும் 30 அடி நீளமும் உள்ள மனையில் வீடு கட்ட எண்ணுகிறார் என்று கொள்வோம். மாடிப்படியின் அகலத்தை ஓரளவிற்குக் கீழே குறைக்க இயலாது. குளியலறையும் அவ்வாறே. அடுக்களையைச் சற்றே சுருக்கலாம். இவையெல்லாம் போக எஞ்சிய இடம் கூடத்திற்குச் சேரும். கொத்தனார் இக்கணக்கை ஒரே ஒரு முறை போட்டால் போதும். மனை நாளை சுருங்கப் போவதில்லை. ஆனால் கணிப்பொறித் திரையில் தோன்றும் சாளரமோ, பயனாளர் அதன் விளிம்பைப் பிடித்து இழுக்குந்தோறும் விரிந்தும் சுருங்கியும் போகின்ற ஒரு மனையாகும். அதனுள் அடங்கிய அறைகளே பலகங்கள். அவற்றிற்கு இடம் பங்கிடும் கணக்கை நொடிக்குப் பன்முறை புதிதாகப் போட்டாக வேண்டும்.

இக்கணக்கின் அடிப்படை எளியது. ஒவ்வொரு பலகத்திற்கும் குறைந்தபட்ச அளவு ஒன்றும், விரும்பத்தக்க அளவு ஒன்றும் உண்டு. மிகுதி இடம் கிடைக்குமாயின் அதில் அதற்குரிய பங்கு எவ்வளவு என்பது மூன்றாவது. முதலில் உள்ளே இருக்கும் சிறு உறுப்புகள் தத்தம் தேவையைத் தம்மைச் சூழ்ந்த பலகத்திற்குத் தெரிவிக்கின்றன. பலகம் அவற்றைக் கூட்டிச் சாளரத்திற்குத் தெரிவிக்கிறது. பின்னர்ச் சாளரம் தன்னிடமுள்ள இடத்தை மேலிருந்து கீழாகப் பங்கிட்டு அளிக்கிறது. தேவை கீழிருந்து ஏறுகிறது. அளிப்பு மேலிருந்து இறங்குகிறது.

ஓர் எடுத்துக்காட்டால் இதனை விளக்குவோம். நாம் கூறிய ஜோகுபாளையத்திலேயே ஒரு மளிகைக் கடையின் கணக்கு எழுதும் செயலி இருப்பதாகக் கொள்க. இடப்பக்கம் பேரேடுகளின் பட்டியல். நடுவே பதிவு எழுதும் இடம். வலப்பக்கம் அன்றைய இருப்புச் சுருக்கம். பட்டியலுக்கு விரும்பத்தக்க அகலம் 260 படப்புள்ளிகள், குறைந்தபட்சம் 180. சுருக்கத்திற்கு முறையே 300, 200. நடுப்பலகத்திற்கு 500க்குக் குறையலாகாது, எஞ்சுவதெல்லாம் அதனுடையதே. சாளரத்தின் அகலம் 1366 ஆயின், இரு பக்கங்களும் 560 எடுத்துக்கொள்ள, நடுவிற்கு 806 கிடைக்கும். குறையொன்றுமில்லை.

இனிச் சாளரத்தை 1024க்குச் சுருக்குவோம். 560 போக நடுவிற்கு எஞ்சுவது 464. அதாவது 36 புள்ளிகள் பற்றாக்குறை. இதனை யார் ஈடு செய்வது? பட்டியலால் 80 வரையிலும், சுருக்கத்தால் 100 வரையிலும் விட்டுக்கொடுக்க இயலும், மொத்தம் 180. தேவைப்படுவது அதில் ஐந்தில் ஒரு பங்கு. ஆகவே பட்டியல் 16 இழந்து 244 ஆகிறது. சுருக்கம் 20 இழந்து 280 ஆகிறது. நடுப்பலகம் தனது 500ஐப் பெறுகிறது. மூன்றின் குறைந்தபட்சமும் சேர்ந்து 880. அதற்கும் கீழே சாளரத்தைச் சுருக்க விடலாகாது. அன்றேல் வலப்பலகத்தை மறைத்துவிட வேண்டும். மூன்றையும் ஒரு சேர நசுக்கி, எதையும் படிக்க இயலாதபடி செய்வது கேடான வழி.

இம்முறைகள் ஒரே நாளில் தோன்றியவை அல்ல. அச்சுப் பக்கத்தை அமைப்பதற்காக டொனால்ட் நூத் 1978இல் உருவாக்கிய டெக் என்னும் நிரல், எழுத்துக்களைப் பெட்டிகளாகவும் இடைவெளிகளை நீண்டு சுருங்கும் பசையாகவும் கருதியது. 1996இல் வெளிவந்த ஜாவா மொழி, சாளரத்தை வடக்கு, தெற்கு, கிழக்கு, மேற்கு, நடு என ஐந்தாகப் பகுத்து, மிஞ்சிய இடம் முழுவதையும் நடுவிற்கே அளித்தது. வேறொரு நெறியும் உண்டு. "இப்பலகம் அப்பலகத்தின் இரு மடங்கு அகலமாதல் வேண்டும்" என்பன போன்ற நிபந்தனைகளைச் சமன்பாடுகளாகவும் சமனிலிகளாகவும் எழுதித் தீர்ப்பது அந்நெறி. வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் உருவான கசோவரி என்னும் வழிமுறை இத்தகையது. ஜார்ஜ் டான்ட்சிக் 1947இல் கண்ட சிம்ப்ளெக்ஸ் முறையே இதற்கும் அடிப்படை. தொழிற்சாலைக்கும் போக்குவரத்துக்கும் சிக்கன வழி காணப் பயன்பட்ட கணிதம் திரையில் பலகம் அடுக்கவும் உதவுவது வியப்பன்றோ!

பெங்களூரிலேயே 1986இல் தொடங்கிய டாலி நிறுவனத்தின் கணக்கியல் செயலி, இத்துறைக்கு நம் நாட்டிலிருந்து ஒரு நல்ல உதாரணம். அதன் அமைப்பு மொழியில் படிவம் பகுதிகளாகவும், பகுதி வரிகளாகவும், வரி புலங்களாகவும் பிரிகிறது. பகுதியின் அகலத்தைப் பக்கத்தின் நூற்றுக்கு இத்தனை வீதம் என்றும் குறிக்கலாம். பேரேட்டில் பத்தி கிழித்துப் பழகிய கணக்கர்களுக்கு இவ்வமைப்பு எளிதில் விளங்கும்.

தமிழில் செயலிகளை வழங்க முற்படுவோர் இவ்விடத்தில் தனிக் கவனம் செலுத்துதல் வேண்டும். ஆங்கிலத்தில் ஐந்தெழுத்தில் அடங்கும் ஒரு பெயர் தமிழில் பன்மடங்கு நீளக்கூடும். பட்டியலின் குறைந்தபட்ச அகலம் 180 என்று நிரலில் எண்ணாகவே எழுதிவிட்டால், "அச்சு முன்னோட்டம்" போன்ற சொற்றொடர் பாதியில் அறுபடும். எண்ணை எழுதாமல், காட்டப்படும் சொல்லையே அளந்து அகலத்தைப் பெறுமாறு நிரலை அமைத்தால், தமிழில் அது தானாகவே 230 ஆகி, சாளரத்தின் குறைந்தபட்சமும் 930 ஆக உயரும். இடம் போதாத விடத்துச் சொற்களை இரண்டாம் வரிக்கு மடக்கலாம். ஆயின் அப்போது அகலத்தைப் பொறுத்து உயரமும் மாறும். ஆதலின் அகலம் முடிவான பின்னரே உயரத்தைக் கேட்டறிதல் வேண்டும்.

உயரத்தில் நேரும் பிழை இதனினும் கொடிது. தமிழ் எழுத்துக்குப் புள்ளி மேலே நிற்கும். உகரக் குறி பல எழுத்துக்களில் அடிக்கோட்டுக்குக் கீழே இறங்கும். ஆங்கில எழுத்தின் உயரத்திற்கு வெட்டப்பட்ட வரியில் "வரவு", "செலவு" என்பன "வரவ", "செலவ" எனத் தோன்றும். "இருப்பு" என்பதோ மேலே புள்ளியையும் கீழே உகரத்தையும் ஒருங்கே இழக்கும். ஒரு கணக்குச் செயலியில் மிகுதியாக வரும் மூன்று சொற்களே இவ்வாறு சிதைவது எத்தகைய இடர்! தொகை சரியாக இருந்தும், அது எதன் தொகை என்பதில் கடைக்காரருக்கு ஐயம் எழும்.

பலகங்களுக்கு இடையே உள்ள நகர்த்துகோட்டைப் பற்றியும் சிறிது கூறலாம். பயனாளர் அதனை நகர்த்தி வைத்த இடத்தைச் செயலி நினைவில் கொள்கிறது. பெரிய திரையில் இடவிளிம்பிலிருந்து 1500 புள்ளிகள் தள்ளி வைத்த கோடு, 1366 புள்ளிகளே உள்ள திரையில் விளிம்புக்கு அப்பால் போய்விடும். அதற்கு வலப்புறமிருந்த பலகமும் காணாமற் போகும். அளவை விகிதமாகக் குறித்து வைத்து, திறக்கும்போது ஒவ்வொரு பலகத்தின் குறைந்தபட்சத்தோடும் ஒப்பிட்டுத் திருத்திக்கொண்டால் இத்தொல்லை நேராது.